தேசிங்கு ஏறிவர ஒரு கரை

நீதான் காரணம். என் வீட்டுக்காரன் தேசிங்கு ஐந்தாவது மாடியில் ஒரு மீன்தொட்டிக்குள் இறங்கிக் கடலுக்குப் போனதற்கும், போனவன் திரும்பி ஏறி வரும்போது கால் வைக்கக் கரையில் ஒரு சாண் மணல் இல்லாமல் போனதற்கும் நீதான் காரணம், வேறு எவனும் இல்லை. ஐயா என்றும் சார் என்றும் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் நாக்கு தேய்ந்துவிட்டது. இனிமேல் நீ என்றுதான் சொல்வேன். உன் பேர் எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் ஒரு மதிப்பு வந்துவிடும்.

நான் அஞ்சலாட்சி. கரையில் நின்று மீனை ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத்தெருவாய்க் கூவி விற்று, வாயாலேயே ஆளானவள். எதிரே நிற்கிறவன் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறான் என்பதை வைத்தே அவன் எதுவரைக்கும் இறங்கி வருவான் என்று சொல்லிவிடுவேன். வக்கீல் வீட்டம்மாவும் என்னிடம் பேரம் பேசித் தோற்றிருக்கிறாள், போலீஸ்காரன் பெண்டாட்டியும் தோற்றிருக்கிறாள். உன்னிடம் மட்டும்தான் நான் ஏமாந்தேன், ஏனென்றால் நீ மூச்சே இழுக்காமல் பேசினாய்.

எங்கள் குப்பத்தைக் காலி செய்ய வந்த அன்றைக்கு கவர்மெண்டு ஆபீசராக மைக்கைப் பிடித்துக்கொண்டு மணலில் ஷூ புதைய நின்றாய். அடுக்குமாடியில் வீடு, லிஃப்ட், குழாயைத் திறந்தால் தண்ணீர், வாசலிலேயே பஸ், எல்லாம் உண்டு என்றாய். வலை காயப்போடவும் போட்டை ஏற்றி வைக்கவும் மீன் விற்கவும் கரையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும், ஒருத்தனும் தொட மாட்டான் என்றாய். நான் கூட்டத்திலிருந்து எழுந்து, வூட்ட தூக்கினு போறீங்க, சரி, கடல யாரு தூக்கினு வருவா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, அதுவும் வரும்மா என்றாய். நான் கேலி பேசினேன், நீ அதை வாக்காக எடுத்துக்கொண்டாய். நீ காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான், அதையும் எப்படிக் காப்பாற்றினாய் என்று கேட்டுக்கொள்.

ஊரைத் தாண்டி, ஏரியை மூடிக் கட்டிய அந்த மாடிகளில் எங்களைக் கொண்டுபோய்க் கொட்டி, சாவி கொடுக்கிற விழா என்று ஒரு பந்தலைப் போட்டு, அதன் நடுவில் ரிப்பன் சுற்றிய ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தாய். ஒன்றரை அடி நீளம் இருக்கும். நீல விளக்கு, வெள்ளை மணல், பிளாஸ்டிக் பவளம், காற்றுக் குமிழி விடுகிற ஒரு மோட்டார், அதற்குள் இரண்டே இரண்டு ஆரஞ்சு மீன், உடம்பில் வெள்ளைப் பட்டை, பட்டைக்குக் கறுப்பு விளிம்பு, கல்யாண வீட்டு மேளக்காரன் மாதிரி ஆடி ஆடி நீந்திக்கொண்டிருந்தன. கோமாளி மீன் என்று பந்தல்காரன் சொன்னான். நீ மைக்கில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இதோ நீங்க கேட்ட கடல் என்றாய். போட்டோ எடுத்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"இந்த ரெண்டும் தொட்டியிலயே பொறந்ததுங்க," என்றாய். "கடல்னா என்னன்னே தெரியாது. எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க. நீங்களும் கொஞ்ச நாள்ல பழகிடுவீங்க."

அந்தப் பேச்சு தேசிங்கின் காதில் விழுந்தது. அவன் அப்போது எனக்குப் பக்கத்தில்தான் நின்றான், முகத்தை மட்டும் பந்தலுக்கு வெளியே திருப்பிக்கொண்டான்.

விழா முடிந்ததும் பந்தல்காரன் பந்தலைப் பிரித்தான், மைக்செட்காரன் வயரைச் சுருட்டினான், நாற்காலிக்காரன் நாற்காலியை அடுக்கினான், தொட்டியை மட்டும் எவனும் எடுக்கவில்லை. பந்தலுக்குக் கொடுத்திருந்த கரண்டை மெயினில் அணைக்கப் போனார்கள். கரண்டு போனால் காற்று நின்றுபோகும், காற்று நின்றால் மீன் செத்துப்போகும். தேசிங்கு தண்ணீரைக் குடத்தில் மொண்டு, மீனை ஒரு சொம்பில் பிடித்து, தொட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். லிஃப்ட் அன்றைக்கே வேலை செய்யவில்லை. இன்றைக்கும் செய்யவில்லை.

இந்த மனுஷன் கரையில் இருந்தவரைக்கும் வாய் மூடாதவன். காற்றோடு பேசுவான், நண்டோடு பேசுவான், என்னோடு சண்டை போட ஆளில்லாவிட்டால் வலையோடு சண்டை போடுவான். மாடிக்கு வந்த பிறகு பேச்சே அற்றுப்போனது. கடலுக்குப் போகிறவன் இருட்டு விலகுவதற்கு முன்னால் கரையில் இருக்க வேண்டும். உன் வாசல் பஸ்ஸோ விடிந்த பிறகுதான் முதல் தடவை வரும், அது ஊர் முழுக்கச் சுற்றிக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் போட்டெல்லாம் போய்விட்டிருக்கும். கொஞ்ச நாள் போனான், வெறுங்கையோடு கரையைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தான். பிறகு போவதை நிறுத்திவிட்டான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகும்போது அந்த இரண்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் பொடி இறால் எடுத்துவந்து அரிவாள்மனையில் மசித்துப் போடுவேன்.

அந்த மீன்களுக்கு ஒளிந்துகொள்ள ஏதோ பூ மாதிரி, கை கையாய் ஆடுகிற ஒரு உயிர் கடலில் உண்டாம், அதன் மடியில்தான் குடியிருக்குமாம். தொட்டியில் அது இல்லை. உன் பிளாஸ்டிக் பவளத்தை அவை மோந்துகூடப் பார்க்கவில்லை. தேசிங்கு பரணிலிருந்து தன் பழைய வலையின் ஒரு துண்டைக் கிழித்து, நூல்களைப் பிரித்துவிட்டு, கல் கட்டி உள்ளே இறக்கினான். பச்சை நூல் தண்ணீரில் ஆட ஆட, பெரிய மீன் முதலில் வந்து உரசிப் பார்த்து, உள்ளே புகுந்து, திரும்பி முகத்தை மட்டும் நீட்டியது. சின்ன மீன் பின்னாலேயே போனது. எந்த மீனைப் பிடிக்க அந்த வலையைப் பின்னினானோ, அந்த வலையில் மீன் குடித்தனம் வந்ததைப் பார்த்து அவன் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தான்.

இரண்டில் பெரியது பெண். அதட்டல் அவளுடையது. தொட்டிக்குள் விரலை விட்டால் கடிப்பாள், கண்ணாடி துடைக்க வந்த துணியைக் கடிப்பாள், சின்னவன் இரைக்கு முந்தினால் அவனையும் கடிப்பாள். அவன் அவள் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டுவான், அதுதான் அவன் பாஷையில் மன்னிப்பு. எங்களுக்குக் கீழே நாலாவது மாடியில் ரமீஜா இருந்தாள், ஆற்றோரத்திலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டவள், வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவள். அவள் வந்து பார்த்துவிட்டு, இன்னாக்கா, உங்க வூட்டு சங்கதிய அப்பிடியே கண்ணாடி போட்டு வெச்சிக்கிறியே என்றாள். தேசிங்கு அதற்கும் சிரித்தான். அன்றைக்கு அந்த மீன்களுக்குப் பெரியவ என்றும் சின்னவன் என்றும் பேர் விழுந்தது.

தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும், அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறி மீன் செத்துவிடும் என்று வெகுநாள் கழித்து ஒரு மீன்கடைக்காரன் சொன்னான். எங்களுக்கு முதலிலேயே எவன் சொன்னான்? போட்டோ எடுத்த நேரத்தில் நீ சொல்லியிருக்கலாம். கடல் மீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்ற எந்தக் கரையாளுக்குக் கை வரும்? நாங்கள் பிடிக்கவும் விற்கவும் தின்னவும் தெரிந்தவர்கள், மீனை உயிரோடு வைத்துச் சோறு போட்டது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆகவே காசிமேட்டுக்குப் போகிற பெண்கள் ஆளுக்கொரு பாட்டிலில் கடல் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினோம். காசிமேட்டிலேயே தங்கி அடுத்தவன் போட்டில் கூலிக்குப் போகிற ஆண்களும் கொண்டுவந்து ஊற்றினார்கள். பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, யார் எதற்காகக் கடல் பக்கம் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும், திரும்பும்போது ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்து, செருப்பை வாசலில் விட்டு, தொட்டியில் ஊற்றிவிட்டு, பெரியவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் தொட்டி நிரம்பி வழியவில்லை, மீனும் சாகவில்லை, ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் யோசிக்கவும் இல்லை.

ஒரு நாள் காலையில் மணலில் புதைந்த வலைக்கல்லை நிமிர்த்த தேசிங்கு கையை விட்டான். மணல் தட்டுப்படவில்லை. தோள் வரைக்கும் விட்டான், தட்டுப்படவில்லை. பரணிலிருந்து ஈயக் குண்டு கட்டிய கயிற்றை எடுத்து இறக்கினான். குண்டு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், எங்கள் ஆழக் கணக்கு அதுதான், அப்படிப் பாகம் பாகமாய்க் கயிறு கண்ணாடித் தொட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தது, கயிறு போதாமல் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து முடிந்தோம். நான் படிக்கட்டில் நின்று குனிந்து, ஏ ரமீஜா, உன் கூரைல கயிறு எதுவும் தொங்குதா பாரு என்று கத்தினேன். அவள் பார்த்துவிட்டு, இல்லக்கா, உங்க பாத்ரூம் தண்ணிதான் எப்பவும்போல ஒழுகுது என்றாள்.

கடைசியில் குண்டு எங்கேயோ தட்டி நின்றது. மேலே இழுத்ததும் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி அதை வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததை நாக்கில் தொட்டுப் பார்த்து, சேறு கலந்த மணல், நம்ம குப்பத்துக்கு நேரா வர்ற தரைதான் இது என்று சொல்லிவிட்டு, காப்பி இருந்தா குடும்மா என்றார். அவ்வளவுதான். ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. தொலைந்த சாமான் வேறு ஒரு அறையில் கிடைத்த மாதிரிதான் எல்லாரும் நடந்துகொண்டார்கள். இதுக்குத்தான் நாம தெனம் ஊத்தினோம் போல என்று ஒருத்தி சொன்னாள், அடுத்தவள் தலையை ஆட்டினாள். அடுத்த நிமிஷமே யாருக்கு முதல் தூண்டில் என்று சண்டை வந்தது.

அந்தச் சண்டை படிக்கட்டில் நடந்தது, கீழ் மாடியிலிருந்து மேல் மாடி வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். கடல் எங்களுடையது, முறையும் எங்களுக்குத்தான் என்று குப்பத்து ஆட்கள் சொன்னார்கள். ஆற்றோரத்து ஆட்களில் ஒருத்தன், தொட்டி கவர்மெண்டு குடுத்தது, கடல் இன்னா உங்கப்பன் வூட்டுதா என்று கேட்டான். ஆமாண்டா, எங்கப்பன் வூட்டுதுதான், நீ வூடு கட்டினது உங்கப்பன் ஆத்துலயா என்று நான் எகிறினேன். மாசிலாமணி கையைக் காட்டி என்னை உட்காரவைத்தார். மீன் தின்கிற வாய் இருக்கிறவனுக்கெல்லாம் முறை உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். வலை போடக் கூடாது, தூண்டில் மட்டும்தான். முதல் இரை பெரியவளுக்கும் சின்னவனுக்கும். பிடிபட்டதில் முதல் பங்கு புருஷன் இல்லாதவளுக்கு. முட்டை நிறைந்த மீன் வந்தால் திரும்ப விட வேண்டும். கரையில் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருந்த கட்டுப்பாடுதான், கரை போன பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தோம், ஒன்றரை அடித் தொட்டிமேல் கொண்டுவந்து வைத்தோம்.

அதற்கப்புறம் எங்கள் மாடி கரையாகிவிட்டது. கிழங்கான் வந்தது, சங்கரா வந்தது, ஒரு நாள் தொட்டி வாயைவிடப் பெரிய கொடுவா வந்து, அதை எப்படி வெளியே எடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, ஆனால் எடுத்தார்கள், நான் அதை மூன்றாவது மாடித் திருப்பத்தில் வைத்து ஏலம் விட்டேன். எந்த மாடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று படியேறும்போதே தெரியும். மீனே தின்னாத தபால்காரர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, பெரியவளிடம் விரலைக் கொடுத்துக் கடி வாங்கிக்கொண்டு போனார். பெரியவளிடம் கடி வாங்கினால் காரியம் கூடும் என்று ஆற்றோரத்துப் பெண்கள் ஒரு நம்பிக்கையை உண்டாக்கிவிட்டார்கள், வேலைக்கு இண்டர்வியூ போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள்.

எனக்கு இதெல்லாம் பெரிதில்லை. என் மனுஷனுக்குப் பேச்சு திரும்பியது, அதுதான் எனக்குப் பெரிது. காலையில் எழுந்ததும் தொட்டியில் முழங்கை வரைக்கும் கையை விட்டு நீரோட்டம் பார்ப்பான். வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வன்னி, வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் அதுதான் ஓடும். சித்திரைக்கு மேல் தெற்கேயிருந்து வடக்கே திரும்பினால் தெண்டி. "இன்னிக்கி வன்னி வேகமா கீது மே, மீன் மேலுக்கு வராது," என்று அவன் சமையல்கட்டைப் பார்த்துச் சொல்லும்போது, கரையிலிருந்த எங்கள் கூரை வீட்டில் நான் நிற்கிற மாதிரியே இருக்கும். வராட்டி போவட்டும், வந்து பல்ல வெளக்கு என்பேன். இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேண்டும்? பெரியவளும் முட்டை வைத்தாள், நீ கட்டிக்கொடுத்த வீட்டில் தானாகப் பெயர்ந்து வந்த ஒரு டைல்ஸ் துண்டை வலைக்குப் பக்கத்தில் சாய்த்திருந்தோம், அதன்மேல் ஆரஞ்சு மணி மணியாய் ஒட்டி வைத்தாள். சின்னவன் இரவும் பகலும் செட்டையால் விசிறிக்கொண்டு காவல் நின்றான்.

அப்போது நீ வந்தாய்.

யார் வந்து உன்னிடம் சொன்னார்கள் என்று தெரியாது. காலை வெயில் ஏறிய நேரத்தில் நாலு ஆட்களோடு ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க நின்றாய். லிஃப்ட் இன்னா ஆச்சு சார் என்று ரமீஜா கேட்டதைக் காதில் வாங்காமல் உள்ளே நுழைந்தாய். தொட்டியைப் பார்த்தாய், தொங்கிக்கொண்டிருந்த தூண்டில் கயிற்றைப் பார்த்தாய், அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று உன் கண் இறங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டாய். இது அரசாங்கத்துப் பொருள், தனியார் வீட்டில் வைத்து வியாபாரம் செய்யக் கூடாது, எடுத்துக்கொண்டு போகிறோம் என்றாய்.

நான் உன்னைத் திட்டவில்லை. பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், என் வாழ்க்கையிலேயே நல்ல பேரத்தை உன் முன்னால் வைத்தேன். தொட்டியை எடுத்துக்கொள். மீனையும் எடுத்துக்கொள். அதற்குப் பதில் கரையில் நீ வாயால் கொடுத்த இடத்தைக் கையால் கொடு, ஒரு போட்டு ஏற, ஒரு வலை காய, நாலு பெண்கள் கூடையோடு உட்கார. தேசிங்கு போவதை நிறுத்திய பிறகு அங்கே என்ன நடந்திருக்கிறது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது, காசிமேடு போகிற பஸ் அந்தப் பக்கம் போகாது. நீதான் சொன்னாய்.

"அங்க இப்ப பார்க் வந்துருச்சும்மா. ஜனங்க வாக்கிங் போற எடம். வேலி போட்டாச்சு. மீன் நாத்தமெல்லாம் இனிமே அங்க வரக் கூடாது."

அந்த வார்த்தை என் மூஞ்சியில் அடித்த மாதிரி விழுந்தது. உன் கண்ணைப் பார்த்தேன், நீ மூச்சு இழுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, உன் ஆளிடம் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாய். அவன் பிடுங்கினான். குமிழி நின்றது. கரண்டு போகிற நேரங்களில் நாங்கள் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவோம், அப்படிச் செய்தால் தண்ணீரில் காற்று கலக்கும். ரமீஜா ஓடிவந்து மொண்டு ஊற்றினாள், உன் ஆள் மக்கைப் பிடுங்கிக்கொண்டான். பாட்டிலால் ஊற்றினாள், அதையும் பிடுங்கிக்கொண்டான். தொட்டியை அசைத்து, தூண்டில் கயிற்றை அறுத்துப்போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். தூக்க முடியவில்லை. எப்படி முடியும், எத்தனை பேர் ஊற்றிய கடல் அது. முடியாத கோபத்தில், செத்தால் தானாக லேசாகிவிடும், அதுவரைக்கும் இங்கேயே உட்காருங்கள் என்று உன் ஆட்களிடம் சொன்னாய். செத்தால் என்று நீ சொன்னது மீனைத்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

பெரியவ பக்கவாட்டில் சாய்ந்தாள். செவுள் வேகமாக அடித்தது. சின்னவன் முட்டையை விட்டு அவளிடமும், அவளை விட்டு முட்டையிடமும் போய்ப் போய் வந்தான்.

தேசிங்கு அதுவரைக்கும் சுவரோரமாய் நின்றிருந்தான். கைலியை அவிழ்த்துக் கோவணத்தோடு நின்றான், கடலுக்கு இறங்குகிற ஆள் எப்படி நிற்பானோ அப்படி. முக்காலியை இழுத்துத் தொட்டிப் பக்கத்தில் போட்டு ஏறினான். உன் ஆள் அவன் தோளைத் தொட்டான், தேசிங்கு திரும்பிப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். என்னைப் பார்த்துத்தான் பேசினான், கடைக்குப் போகிறவன் சொல்கிற மாதிரி.

"இந்தாமே. இதுங்க ஊரு தெக்க. கொண்டு போயி விட்டுட்டு வந்துர்றேன். வன்னி ஓடுது, இட்டுக்கினு போயிரும். தெண்டி திரும்பச்சொல்லோ நானும் திரும்பிருவேன். நம்ம கரைலதான் ஏறுவேன், நீ அங்க வந்துரு."

தொட்டியிலேயே பொறந்ததுக்கு ஏதுய்யா ஊரு என்று நீ கேட்டாய். பந்தலில் உன் பேச்சைக் கேட்டு முகம் திருப்பிக்கொண்ட மனுஷன் அன்றைக்குத் திருப்பிக்கொள்ளவில்லை, குனிந்து, வலைத்துண்டைப் பெரியவளோடு சேர்த்துக் கைக்குள் வாரினான், பெரியவ அந்த நிலையிலும் அவன் விரலைக் கடித்தாள், டைல்ஸ் துண்டைக் கோவணத்தில் செருகிக்கொண்டான், சின்னவன் அதோடு ஒட்டிக்கொண்டே போனான். ஒரு காலை வைத்தான், மறு காலை வைத்தான், ஒன்றரை அடித் தொட்டி இடுப்பு வரைக்கும் வாங்கிக்கொண்டது, மார்பு வரைக்கும் வாங்கிக்கொண்டது, தோளைக் குறுக்கித் தலையைச் சாய்த்து, கட்டுமரத்திலிருந்து வழுக்கி இறங்குகிற மாதிரி சத்தமே இல்லாமல் போனான். ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் சிந்தவில்லை.

எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கடலுக்கு இறங்குகிறவனை எங்கள் கரையில் பெண்கள் கேட்பதில்லை. நான் கேட்கவில்லை. உனக்கு அது புரியாது.

அதற்குப் பிறகு ஈயக் குண்டை இறக்கிப் பார்த்தோம். மணலில் தட்டி நின்றது, ஒரு முழம்கூட இல்லை. உன் வெள்ளை மணல், உன் பிளாஸ்டிக் பவளம். இப்போது தூக்கினால் ஒரே ஆள் தூக்கிவிடலாம், ஆனால் உன் ஆட்களில் ஒருத்தனும் தொடவில்லை. எல்லாரும் பார்த்துக்கங்க, நான் அவர் மேல கையே வெக்கல என்று நீ மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாய். நாலாவது மாடியில் ரமீஜா வைத்திருந்த பக்கெட்டில் கால் இடறி விழப் போனாய். பின்னாலேயே இறங்கிவந்த அவள் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். நானாக இருந்தால் பிடித்திருக்க மாட்டேன்.

நான் போகாத ஆபீஸ் இல்லை. கடலில் காணாமல் போனவன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எந்தக் கரையிலிருந்து இறங்கினார் என்று கேட்டார்கள். ஐந்தாவது மாடி என்றேன். கரையிலிருந்து போனால்தான் கடல், உங்கள் விலாசத்தில் கடல் இல்லையே அம்மா என்றான் ஒருத்தன். அந்த விலாசத்தைக் கொடுத்தது யார் என்று நான் கேட்டதற்கு அவன் ஃபேனைப் பார்த்தான். மாடியில் சிலர் காரியம் செய்துவிடலாம் என்றார்கள். மாசிலாமணி ஒத்துக்கொள்ளவில்லை. தெண்டியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு வன்னியில் காரியம் செய்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நான் பொட்டை எடுக்கவில்லை, தாலியை எடுக்கவில்லை. ரமீஜா எனக்கு ஒரு புது ரவிக்கை தைத்து வைத்திருக்கிறாள், மாமா வர்றப்ப போட்டுக்கோ என்று.

இப்போது நாள் தவறாமல் உன் முதல் பஸ்ஸில் ஏறி, ஊர் சுற்றி, அந்தக் கரைக்குப் போகிறேன். என் இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், கலங்கரை விளக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிகிற இடம். அங்கே புல் முளைத்திருக்கிறது, சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறாய், அலை ஓரமெல்லாம் கறுப்புப் பாறாங்கல்லைக் கொட்டி அதன்மேல் இரும்பு வேலி நட்டிருக்கிறாய். போட்டு ஏற முடியாது. நீந்தி வருகிறவன் ஏற முடியாது, அலை அவனைக் கல்லில் அடிக்கும். மேலே வந்தாலும் வேலி. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் காவல்காரன் விசில் ஊதுகிறான். அவனும் எங்கள் பிளாக்கு ஆள்தான், ஆற்றோரத்துக்காரன், எங்கள் தொட்டி மீனைத் தின்றவன். அக்கா, நீ நின்னா என் வேல பூடும் அக்கா என்று கெஞ்சுகிறான். அவனோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்குச் சண்டை உன்னோடு.

தை பாதி போய்விட்டது. வேலிக் கம்பிக்குள் கையை விட்டாலும் தண்ணீர் எட்டாது, ஆனால் அலையில் வருகிற நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தே சொல்வேன், வன்னி இளைத்துக்கொண்டு வருகிறது. மாசி, பங்குனி, அவ்வளவுதான். சித்திரையில் தெண்டி திரும்பும். அந்த இரண்டையும் அவற்றின் ஊரில் விட்டுவிட்டு, அந்தப் பெரியவளிடம் இன்னொரு கடி வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரன் நீரோட்டத்தோடு வடக்கே வந்துகொண்டிருப்பான். நம்ம கரையில்தான் ஏறுவேன் என்று சொல்லியிருக்கிறான், வேறு கரையில் ஏற மாட்டான், எனக்கு அவனைத் தெரியும். வந்து பார்த்து, கல்லும் கம்பியுமாய் இருந்தால், ஏற இடம் தேடி மேலும் கீழுமாய் நீந்திக்கொண்டே இருப்பான்.

நான் பிறந்ததிலிருந்து பேரம் பேசியவள். இறங்கி வரவும் தெரியும், ஏற்றிச் சொல்லவும் தெரியும். இதில் பேரம் கிடையாது. பாதி வேலியைப் பிரிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறேன், வேறு இடத்தில் தருகிறேன் என்று எவனையும் அனுப்பாதே. நஷ்டஈடு என்று கவரைக் கொடுத்தனுப்பாதே, கிழித்துப் போடுவேன். நீயே வா. மைக் வேண்டாம், பந்தல் வேண்டாம், போட்டோக்காரன் வேண்டாம். ஷூவைக் கழற்றிவிட்டு வா. கலங்கரை விளக்குக்கு நேரே வேலியைப் பிரி, கல்லை அள்ளு, மணல் தெரிகிற வரைக்கும் அள்ளு. சித்திரை பிறக்கும்போது அங்கே நான் கூடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும், என் மனுஷன் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வர வேண்டும், அவனைப் பார்த்து ஒருத்தனும் விசில் ஊதக் கூடாது.